செவலைக்குக் கட்டிய சந்து

மாட்டையெல்லாம் விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு, "இன்னா சொன்ன?" என்றேன்.

"தம்பிகிட்ட சொல்லி அனுப்பிட்டேன். வந்து மதகடிப்பட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கினு போவட்டும்" என்றார். தலையை நிமிர்த்தவில்லை. வலது கை வாய்வரை எட்டாது அவருக்கு. இடது கையால் தின்னவும் கூச்சம். அதனால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சாப்பிடுவார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு வேளையும் எனக்கு வயிறு எரியும்.

அந்தக் கை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சோரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டி எங்கள் ஊர். எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் போட நிலம், உழவுக்கு ஒரு ஜோடி எருது, அது போகக் கறவையும் கிடாரியுமாக நாலைந்து உருப்படி. கறவைகளில் மூத்தது செவலை. அதன் தாயை என் பிறந்த வீட்டிலிருந்து சீராக ஓட்டிக்கொண்டு வந்தேன். மேய்ச்சலுக்குப் போனாலும் திரும்பினாலும் செவலைதான் முன்னால் நடக்கும். மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. எப்பேர்ப்பட்ட முரட்டு மாடாக இருந்தாலும் மூக்கில் இரண்டு விரலை விட்டுக் கழுத்தைத் திருப்பி நிறுத்திவிடுவார். காளைக்கன்றுக்கு மூக்குக் குத்த வேண்டுமா, குளம்பில் ஏறிய முள்ளைப் பிடுங்க வேண்டுமா, பாகூரிலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது ஊர்க்காரர்கள் இவர் பேச்சையே பேசிக்கொண்டு பின்னால் வருவார்கள். எனக்கும் பெருமைதான். இல்லை என்று சொல்வானேன்.

அப்படிப்பட்டவரைச் சாய்த்தது எங்கள் வீட்டுச் செவலையேதான். அதற்கு வயிறு உப்பிப் போயிருந்தது. தென்னை மரத்தில் கட்டி, மூங்கில் குழாயில் கஷாயத்தை எடுத்துக்கொண்டு இவர் பக்கத்தில் போனார். மாடு ஒரு சுற்றுச் சுற்றியது. மரத்துக்கும் அதன் இடுப்பு எலும்புக்கும் நடுவில் இவர் மாட்டிக்கொண்டார். தோள் நசுங்கிய சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதில் எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. மனுஷர் அதற்குப் பிறகு மாட்டுக் கொட்டாய்ப் பக்கமே போகவில்லை. தொழுவம் அள்ளுவது, தண்ணி காட்டுவது, பால் கறப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. சரி, அது பரவாயில்லை. மனுஷர் வாயையும் மூடிக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் ஆற்றுக்கு அக்கரையில், கடலூர்ப் பக்கம், மாட்டுக்கு வெக்கை என்கிற கொள்ளைநோய் வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. வெக்கை நுழைந்த கொட்டாயில் கயிறுதான் மிஞ்சும். எங்கள் வட்டாரத்து நிர்வாகம் நடக்கிற கொம்யூன் ஆபீசை நாங்கள் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில் மேரி என்போம். மேரியிலிருந்து ஆள் வந்து தமுக்கடித்துச் சொன்னான்: புதுச்சேரியிலிருந்து மாட்டு டாக்டர் வருகிறார், எல்லா மாட்டுக்கும் ஊசி போடுவார், மாட்டுக்காரன் மாட்டை அசையாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும், பிடிக்க ஆளில்லாத மாட்டுக்கு ஊசி கிடையாது.

நான் ஊரில் நாலு பேரிடம் போய்க் கேட்டேன். எல்லாரும் நல்லவர்கள்தான். "மத்த மாட்டுக்கு வர்றோம். அந்தச் செவலகிட்ட மட்டும் எங்கள கூப்டாத. அவரையே நசுக்கிப் போட்ட மாடு, நாங்க எந்த மூலைக்கு?" என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னிக்குப் புடிக்க வருவாங்க. நாளைக்கு ஒரு மாட்டுக்குக் கழுத்துல புண்ணு வந்தா? மறுநாள் ஒண்ணுக்கு முள்ளு ஏறுனா? தெனம் எவன் வருவான்? ஊசி இல்லாம வெக்கையில சாவறதுக்கு, வித்துடறது மேல்" என்றார். அதற்கு மறுநாள்தான் இந்தக் குழம்புச் சண்டை.

கொழுந்தன் வந்தான். மாட்டு யாவாரம் அவன் பிழைப்பு. கெட்டவன் இல்லை, அவசரக்காரன். கையில் கயிற்றுச் சுருளோடு வந்து கொட்டாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "செவலைய மொதல்ல தள்ளிடணும் அண்ணி" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தள்ளுவ, தள்ளுவ. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. டாக்டரு வர்ற அன்னிக்கு, ஒரு ஆம்பள கையும் மேல படாம எங்க மாட்டுக்கெல்லாம் ஊசி போட வெக்கிறேன். செவலைக்கும் சேத்து. முடியலன்னா அன்னிக்கே எல்லாத்தையும் ஓட்டிக்கினு போ. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

"நீங்க வாயத் தொறக்க மாட்டீங்கன்னா அதுக்காவவே ஓட்டிக்கினு போலாம் அண்ணி" என்று சிரித்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ சொன்னபடியே ஆவட்டும்" என்றார்.

சொல்லிவிட்டேனே ஒழிய, எப்படிச் செய்யப் போகிறேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. வாய் முந்திக்கொள்வது என் பிறவிக் குணம், புத்தி பின்னால்தான் வரும். அன்று சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது வந்தது.

எங்கள் கரும்புக் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லையின் பனைமட்டை வேலிக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஒரு மாடுதான் நடக்கலாம். தினமும் அந்த வழியாகத்தான் வருவோம். அன்றுதான் கவனித்தேன். வெளியில் துள்ளுகிற கிடாரிகூட அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு முன்னால் போகிற மாட்டின் வாலைப் பார்த்து நடந்தது. செவலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப இடமில்லை, அதனால் திரும்ப நினைக்கவில்லை. தென்னை மரத்தைச் சுற்றித் திரும்ப இடமிருந்ததால்தான் என் வீட்டுக்காரர் தோள் போயிற்று என்று அப்போது மண்டையில் உறைத்தது. மாட்டைப் பிடிக்க வேண்டியதில்லை. அது திரும்ப முடியாத இடம் ஒன்று இருந்தால் போதும்.

மறுநாளே கடப்பாரையை எடுத்தேன். கொட்டாயின் மண்சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டேன். அதனால் ஒரு பக்கத்து வேலை மிச்சம். எதிர்ப்பக்கம் மட்டும் குழி தோண்டிச் சவுக்குக் கம்பங்கள் நட்டேன். அவை பழைய கொட்டாயைப் பிரித்தபோது கிடைத்தவை. குறுக்கே பிளந்த பனை வாரைகள். ஆணி அடிக்கவில்லை, ஆணி மாட்டின் தோலைக் கிழிக்கும். எல்லாம் தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டுதான். அகலத்துக்கு, சினையாக இருந்த மாட்டின் வயிற்றைக் கயிற்றால் அளந்து, இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு விட்டேன். கிடாரிகள் சின்னவை, அந்த அகலத்தில் அவை திரும்பிவிடும் என்று தோன்றியது. அதற்காகத் தனியாக ஒரு கழியை வைத்துக்கொண்டு, சின்ன மாடு வரும்போது உள்பக்கமாகக் கட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தேன்.

சந்தின் கோடியில் இரண்டு மூங்கில் கழிகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். ஒன்று அசையாது. இன்னொன்றுக்கு அடியில் மட்டும் முளை, தலைப்பக்கம் திறந்து மூடும். மாடு கழுத்தை நீட்டித் தவிட்டுத் தொட்டியில் வாயை வைத்ததும், திறந்த கழியை இழுத்து மேலே கயிற்று வளையத்தை மாட்டிவிட்டால் கழுத்து நடுவில் நிற்கும். கொம்பு தடுக்கும், தலையை இழுக்க முடியாது. பின்பக்கம் தொடைக்குப் பின்னால் குறுக்கே தள்ள ஒரு கழி. அதைத் தள்ளாவிட்டால் மாடு பின்வாங்கும்.

வழியில் போகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை. "இன்னா, மாட்டுக்குத் தேர் கட்டறியா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, நீ வந்து வடம் புடி" என்றேன். என் வீட்டுக்காரர் தூரத்தில் நின்று பார்ப்பார், போய்விடுவார். தன் பலத்துக்கு இனி வேலையில்லை என்று காட்டுகிறாள் இவள், என்று மனசுக்குள் குமுறுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தால் நினைக்கட்டும் என்று கயிற்றை இறுக்கினேன்.

முதல் தடவை உள்ளே விட்ட நாளை மறக்கவே முடியாது. நுழைவாயிலில் மட்டும் சுவரோரமாகவும் ஒரு கம்பம் நட்டு, கம்பங்கள் விலகாமல் இருக்கத் தரையில் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு இரண்டு பக்கமும் கட்டியிருந்தேன். மாட்டின் காலில் இடிக்காமல் இருக்க அதன்மேல் வைக்கோலும் பரப்பினேன். செவலையை முன்னால் விட்டேன். அமைதியாக வந்தது. வாயிலில் நின்றது. கட்டையைப் பார்த்தது, வைக்கோலைப் பார்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஒரே தாண்டாகத் தாண்டியது.

அந்தக் குறுகலில் தாண்டினால் என்ன ஆகும்? முன்னங்கால்கள் பனை வாரைமேல் போய் விழுந்தன. வாரை முறிந்தது, கயிறு அறுந்தது, கம்பம் சாய்ந்தது. செவலை கத்தரிப் பாத்தி வழியாக வெளியே ஓட, பின்னால் வந்த கிடாரியும் கட்டையைத் தாண்டிக்கொண்டு அதே வழியில் போனது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர். தோள் போனதிலிருந்து சிரிக்காத மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏண்டி, பொங்கலுக்கு இன்னும் நாளு கெடக்குது. அதுக்குள்ள ஒலக்கையப் போட்டு வெச்சா அது தாண்டாம இன்னா பண்ணும்?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாட்டுப் பொங்கலன்று மாடுகள் ஊரைச் சுற்றிவிட்டு வரும்போது, திருஷ்டி போக, கொட்டாய் வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, வைக்கோலைக் கொளுத்தி, "தாண்டு, தாண்டு" என்று விரட்டித்தானே உள்ளே விடுகிறோம். கன்றாக இருந்த நாளிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பாடத்தை அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். வைக்கோலைக் கொளுத்தினதும் நான்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

"கட்டைய மண்ணுல பொதச்சுடு. மேல வேற ஒண்ணு கட்டிக்க, கொம்புக்கு எட்டாத ஒசரத்துல" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படியே செய்தேன்.

அதற்கப்புறமும் சும்மா இருந்ததா? வாரைகளின் இடைவெளியில் நாய் போனாலும் கோழி போனாலும் மாடு நின்றுகொள்ளும். சரி, மறைப்போம் என்று தென்னங்கீற்றைக் கட்டினேன். காற்றில் கீற்று சலசலத்தது, அதற்கும் மிரண்டது. சாணியும் மண்ணும் குழைத்துக் கீற்றின்மேல் பூசி மெழுகினேன். அதன் பிறகு சத்தமும் இல்லை, வெளியே தெரியவும் இல்லை. தினமும் கோடியில் தவிடும் புண்ணாக்கும் வைத்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டு வெளியே விட்டேன். ஊசியைப் பற்றி நினைக்கவே கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கழுத்துக் கழியை மூடுவேன், தாடையைச் சொறிந்து கொடுப்பேன், திறந்துவிடுவேன். கொஞ்ச நாளில் செவலை தானாகவே போய் உள்ளே நின்றுகொண்டு தவிடு எங்கே என்று பார்க்க ஆரம்பித்தது.

டாக்டர் வந்தார். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடவே பெட்டி தூக்குகிற ஆள், அவர்கள் பின்னால் பாதி ஊர். கொழுந்தனும் வந்திருந்தான், கயிற்றுச் சுருளோடு. "புடிக்கிற ஆள் எங்க?" என்றார் டாக்டர். "ஆள் வேணாங்க ஐயா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

செவலையை அவிழ்த்துவிட்டேன். அது போகாமல் மற்றது போகாது, அதனால் அதுதான் முதலில் போயாக வேண்டும். வாயில்வரை வந்தது, நின்றுவிட்டது. அதன் கண் போன வழியைப் பார்த்தேன். சந்தின் கோடியில் டாக்டரின் கறுப்புக் குடை விரித்தபடி நின்றது. "குடைய மடக்குங்க ஐயா" என்றேன். மடக்கினார். செவலை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்த் தவிட்டில் வாயை வைத்தது. கழுத்துக் கழியை இழுத்துப் பிடித்தேன்.

வளையத்தை மாட்டப் போகிறேன், அது பின்வாங்க ஆரம்பித்தது. புது ஆள் வாடை. பின்கழியைத் தள்ள நான் பின்னால் ஓட வேண்டும், ஓடினால் முன்கழி கையை விட்டுப் போகும். என் வீட்டுக்காரர் சந்தின் பின்பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், கழிக்கு ஒரு கை தூரத்தில். "பின்கழிய தள்ளுய்யா" என்றேன்.

அவர் அசையவில்லை. என் கையில் மூங்கில் நழுவியது. செவலை இன்னொரு அடி பின்னால் வைத்தது. "இடது கையே போதும், தள்ளு" என்றேன். முகத்தைப் பார்த்தேன். வேர்த்து ஊற்றியது. ஊரே பார்க்கிறதே என்ற கௌரவமா, என்மேல் கோபமா, எனக்குத் தெரியவில்லை. கொட்டாய் காலியாகப் போகிறது என்று மட்டும் தெரிந்தது. பிறகு அவர் ஒரு எட்டு வைத்தார். இடது கையால் கழியைத் தள்ளினார். கழி செவலையின் தொடைக்குப் பின்னால் போய் நின்றது. அது பின்வாங்கிப் பார்த்தது, முடியவில்லை, திரும்பவும் தவிட்டில் வாயை வைத்தது. நான் வளையத்தை மாட்டினேன்.

டாக்டர் ஊசியைக் குத்தினபோது அது தவிடு தின்பதைக்கூட நிறுத்தவில்லை. மற்ற மாடுகள் தலைவி போன வழியில் ஒவ்வொன்றாகப் போயின. எருதுகளும் போட்டுக்கொண்டன. பெட்டி தூக்குகிற ஆள் வாரைக் கட்டுகளை ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

கொழுந்தன் சும்மா போவானா? "ஆம்பள கை பட்டுச்சே அண்ணி" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "கழியத் தொட்டேன். மாட்டத் தொடல. நீ கெளம்பு" என்றார். அவன் சிரித்துக்கொண்டே கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

வெக்கை அந்த வருஷம் எங்கள் கரைக்கும் வந்துவிட்டுப் போயிற்று. எங்கள் கொட்டாயில் ஒரு மாடும் விழவில்லை. ஆனால் எனக்கு இன்றுவரை மனதில் நிற்பது ஊசி போட்ட அன்றைய மத்தியானம்தான்.

எல்லாரும் போன பிறகு அவர் அந்தச் சந்தின் நிழலில், மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனசில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டேன். "கூப்ட்டதும் வராம நின்னியே. எம்மேல கோவமா?"

"கோவம் இல்ல" என்றார். மோரைக் குடித்து முடித்தார். "பயம்."

"அவ்வளவு அடிபட்டா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்."

அவர் தலையை ஆட்டினார். "அடிபட்டதுக்கு அப்பறம் வந்தது இல்லடி. மொத மொத எங்கப்பன் ஒரு காள மூக்குல வெரல வுடச் சொன்னாரு பாரு, அன்னிலேர்ந்தே கீது. ஒவ்வொரு மாட்டப் புடிக்கும்போதும் அதே பயந்தான். யாரு வூட்லேர்ந்து ஆளு வந்து கூப்ட்டாலும், இன்னிக்கு வரலன்னு சொல்லிட மாட்டமான்னு இருக்கும். வாய் வராது. துண்ட எடுத்துப் போட்டுக்கினு போய்டுவேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம். எத்தனை மாடு. கிளம்பும்போது வாசலில் நின்று சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போவார். அது தாகம் என்று நினைத்திருந்தேன்.

"தோளு நசுங்கி வலியில கெடந்தேன் இல்ல, அன்னிக்கு ராத்திரி இன்னா நெனச்சேன் தெரியுமா?" என்றார். "இனிமே எவனும் கூப்புட வரமாட்டான்னு நெனச்சேன். நெனச்சுட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன்."

எனக்கு அழுகைதான் வந்தது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் தோளில் சாய வேண்டும் போல இருந்தது, வலிக்குமே என்று தயங்கினேன். அவர் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து இடது தோளைக் காட்டினார்.

"இந்தப் பக்கம் வெச்சுக்க. இது வலிக்காது" என்றார்.